கியரும் இடப்பக்க சீட்டும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் கரிவலம்வந்தநல்லூர் வரும்போது எந்த லாரியும் கொஞ்சம் தணிந்துதான் போக வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும் சனம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், யாரையும் சட்டை செய்யாமல் குறுக்கே போகும் ஆடுகள். பால்வண்ணநாதரை யானை வலம்வந்த தலம் என்பதால் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'கரிவலம்'. இந்தச் சாலையோர டீக்கடை பெஞ்சுகளில், முதுகை ரோட்டுக்குக் காட்டி உட்கார்ந்தபடியே, வரும் வண்டியை ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடும் ஆட்கள் முன்பெல்லாம் இருந்தார்கள். வேகம் குறைந்த பிறகும் டாப்பிலேயே வைத்து எஞ்சினைத் திணறடித்துக்கொண்டு ஒரு வண்டி போகும். பெஞ்சிலிருந்து ஒரு 'ச்' சத்தம் வரும். அடுத்த வண்டி ஆடு குறுக்கே வருமுன்பே ஒரு கியர் இறங்கி, எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறி, தடங்கலில்லாமல் ஊரைக் கடக்கும். "நல்ல கைடே" என்பார் ஒருவர். அந்தப் பக்கத்தில் ஒரு டிரைவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

இப்போது அந்தப் பட்டத்துக்கே வேலை இருக்குமா என்ற கேள்வி வந்திருக்கிறது. கிளட்ச் பெடலே இல்லாத லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. "கியர் போடத் தெரியாதவன் டிரைவரா?" என்று மூத்த டிரைவர்கள் கேட்கிறார்கள். கையால் கியர் போடும் வித்தையோடு சேர்ந்து பொறுப்பு, நேர்மை, சலிக்காத உழைப்பு எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். உரிமையாளர்களில் ஒரு சாரார், இந்த வித்தையை நம்பித்தான் இத்தனை கிளட்ச் பிளேட்டும் டீசலும் வீணாயிற்று என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். என் கருத்து வேறு. இருவருமே கியர்ப் பெட்டியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு இடப்பக்கம் இருக்கும் சீட்டை.

முதலில் வித்தையைப் பார்ப்போம். கார் ஓட்டுகிறவர்களுக்கு இதில் என்ன பெரிய சூட்சுமம் என்று தோன்றும். காரணம், காரின் கியர்ப் பெட்டிக்குள் சுற்றும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் ஏற்பாடு இருக்கிறது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் முதன்முதலில் வந்தது அது. அது இல்லாத பெட்டியில், அல்லது தேய்ந்துபோன பெட்டியில், வேகத்தைச் சமப்படுத்துவது டிரைவரின் காலும் காதும்தான். கீழ் கியருக்கு வரக் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு இழுக்க வேண்டும். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்ற வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ள வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள். இதுதான் டபுள் கிளட்ச். மேல் கியருக்குப் போகும்போது தட்டு கிடையாது, சுற்று தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காதவன் வண்டியில் பல் அரைபடும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். தட்டு அதிகமானாலும் அரைபடும், குறைந்தாலும் அரைபடும். எவ்வளவு என்று எந்த மீட்டரும் சொல்லாது. லோடுக்கும் மேட்டுக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும் அளவு அது.

இந்த வித்தை இங்கே பரவிய கதை சுதந்திர இந்தியாவின் வயதுதான். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வண்டிகள் இறங்கின. டாடா 1954-இல் டைம்லர்-பென்ஸோடு கைகோத்தது. அந்த உறவு 1969-இல் முடிந்த பிறகும் நம் ஊர்களில் அது நெடுநாள் 'பென்ஸ் லாரி'யாகவே இருந்தது. சேஸிஸ் வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டி, மரச் சட்டமும் தகரமுமாகக் கேபின் அமைப்பார்கள். எஞ்சினுக்கும் டிரைவரின் இடக்காலுக்கும் நடுவில் ஒரு மூடிதான். சூடு காலில் ஏறும், சத்தம் மண்டைக்குள் இறங்கும். அந்தச் சத்தம்தான் அவருக்குப் பாடப்புத்தகம். சுற்று மீட்டரின் பச்சைப் பட்டையைப் பார்த்துக் கியர் மாற்றச் சொல்கிறார்கள் இன்றைய பயிற்சியாளர்கள். அன்றைக்குப் பச்சைப் பட்டை காதுக்குள் இருந்தது.

இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது? வண்டி முதலாளியுடையது. கிளட்ச் பிளேட்டும் முதலாளி காசு. நடுராத்திரியில் கயத்தாறு தாண்டி ஒருவன் எப்படிக் கியர் போடுகிறான் என்று பார்க்க யாரும் இல்லை. கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டலாம். மேட்டில் பிரேக் போடச் சோம்பல்பட்டு அரைக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடலாம். இறக்கத்தில் நியூட்ரல் அடித்துவிட்டுச் சும்மா உட்காரலாம். மூன்றுக்கும் அன்றைக்கே தண்டனை கிடையாது. ஆறு மாதம் கழித்து, அநேகமாக இன்னொரு டிரைவர் கையில், பிளேட் போகும், லைனிங் தேயும். தன்னுடையது அல்லாத ஒரு பொருளை, யாரும் பார்க்காத இடத்தில், பலன் தனக்கு வராது என்று தெரிந்தும் பேணுவது. உழைப்பின் ஒழுக்கம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விவசாயிகூடத் தன் மாட்டைத்தான் தடவிக்கொடுக்கிறான்.

நியூட்ரல் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கேதான் வித்தையும் ஒழுக்கமும் பணமும் ஒன்றையொன்று முட்டுகின்றன.

இந்தப் பக்கத்து டிரைவர்களுக்குப் பாடம் எடுத்த மலைச்சாலை புளியரை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. காய்கறியும் வைக்கோலும் சிமெண்டும் ஜல்லியும் கேரளத்துக்குப் போகும் வாசல் அது. புளியரை எஸ் வளைவில் லோடு வண்டி நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் போக்குவரத்து நிற்கும். ஏற்றத்தில் தப்பான கியரில் மாட்டியவன் அவமானத்தோடு தப்பிவிடுவான். ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது தப்பினால் உயிர் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் சட்டம். கீழ் கியரில் இறங்கும் வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. நியூட்ரலில் இறங்கினால் மொத்த எடையும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் சூடேறும், லைனிங் கருகும், ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையும் அணைத்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. அப்போது பிரேக்குக்குக் காற்று ஏறாது, ஸ்டியரிங்கும் இறுகும்.

சேலம்–தர்மபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இதற்குப் பேர்போன இடம். 2020 டிசம்பரில் அங்கே ஒரு சிமெண்ட் லாரி முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதி 4 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் நடக்கும் விபத்துகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் போலீஸார் திரும்பத் திரும்பச் சொல்வது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்காதீர்கள் என்பதுதான். இத்தனைக்கும் அது மிச்சமே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். இன்றைய எஞ்சின்களில் டீசல் வரத்து அப்போது நின்றுபோகும். நியூட்ரலிலோ எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள டீசல் குடிக்க வேண்டும். சமதரையில் உருண்டு போவது வேறு. பிரேக் போட்டே தீர வேண்டிய மலைச்சரிவில் நியூட்ரலால் ஒரு சொட்டும் மிச்சமாகாது.

பிறகு ஏன் அடிக்கிறார்கள்? டிரைவரின் கூலிக் கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் என்று ஒழுங்காக வாங்குகிறவர்கள் பெரிய கம்பெனி வண்டிக்காரர்கள். மற்றவர்களுக்கு டிரிப் கணக்கு, படி, வாடகையில் சதவீதம் என்று ஊருக்கு ஒரு முறை. பல இடங்களில் இந்த டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று டீசலை அளந்து கொடுத்துவிடுவார்கள். மிஞ்சினால் டிரைவருக்கு லாபம், கூடிவிட்டால் படியில் கை வைப்பார்கள். டயர் முதலாளிக்கு, லைனிங் முதலாளிக்கு, உயிர் ஆண்டவனுக்கு, டீசல் மட்டும் டிரைவருக்கு என்று கணக்கைப் பிரித்துவிட்டால் கை எங்கே போகும்? நியூட்ரலுக்குத்தான். இதை டிரைவரின் ஒழுக்கக்கேடு என்று எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டவனின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் காணோம்.

நேரக் கணக்கும் அப்படியே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர வழித்தடங்களில் 10 மணி நேரம் வரை போகலாம் என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் ஒருசேர வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டமும் இந்த நேர வரம்பை டிரைவர்களுக்கு ஏற்றுக்கொண்டது. 1961 சட்டத்தை இப்போது 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். ஆனால் சேவ்லைஃப் அறக்கட்டளை சென்னை உட்பட 10 நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவது தெரியவந்தது. களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டியதாகப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டாவது மணி நேரத்தில் எந்த 'நல்ல கை'யும் டபுள் கிளட்ச் போடாது. இடது முழங்கால் கெஞ்சும். இருக்கிற கியரிலேயே இழுத்துக்கொண்டு போகத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். லாரி டிரைவராக இருந்து சமூகவியலாளரான லாரன்ஸ் ஒவலெட் 1994-இல் எழுதிய நூலின் மையக் கேள்வி, கொடுக்கிற கூலிக்கு மேல் இவர்கள் ஏன் இப்படி உழைக்கிறார்கள் என்பது. காசு மட்டும் காரணமில்லை என்றார் அவர். திறமைசாலி என்று சக டிரைவர்களிடம் பெயரெடுப்பதற்காகவும் உழைக்கிறார்கள். நம் டீக்கடை பெஞ்சின் 'நல்ல கைடே' கலிபோர்னியாவிலும் செல்லுபடியாகும் நாணயம் என்று தெரிகிறது. மைக்கேல் பெல்சர் 2000-இல் எழுதிய நூலில், 1980-இல் சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு டிரைவர்களின் வருமானம் எப்படிச் சரிந்தது என்று காட்டினார். மைலுக்கு இவ்வளவு என்று கூலி, லோடு ஏற்றக் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். தொழிலாளியின் பெருமிதத்தை வைத்தே அவன் கூலியைக் குறைக்க முடியும். மூன்றாமவர் கேரன் லெவி. ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி அங்கே 2017 டிசம்பரில் கட்டாயமானது. களைப்புக்குக் காரணமான கூலி முறையைத் தொடாமல் களைத்தவனை மட்டும் கண்காணிப்பதன் விளைவுகளை 2022-இல் வெளிவந்த நூலில் அவர் அலசினார்.

அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் கனரக வண்டிகளில் சிங்க்ரோமெஷ் இல்லாத 10, 13, 18 கியர்ப் பெட்டிகள் வெகுகாலம் ஓடின. கைதேர்ந்தவர்கள் கிளட்சைத் தொடாமலே, எஞ்சின் சுற்றைப் பிடித்துக் கியரை வழுக்கிவிடுவார்கள். இன்று அங்கே புதிதாக வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர் தானாக மாறுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினால், கையால் கியர் போடும் கனரக வண்டியை ஓட்டக்கூடாது என்று உரிமத்திலேயே குறித்துவிடுகிறார்கள். வித்தை சான்றிதழில் ஒரு எழுத்தாகிவிட்டது.

இனி இடப்பக்க சீட்டுக்கு வருகிறேன். லாரியில் அது கிளீனரின் இடம். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த மாநிலத்தின் பழைய டிரைவர்களில் ஆகப் பெரும்பாலோர் படித்த பள்ளிக்கூடம் அந்த சீட்டு. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவது, லீவரால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று பார்ப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது பாடியைத் தட்டிக்கொண்டு "வரலாம், வரலாம்" சொல்வது. மலையேற்றத்தில் வண்டி திணறினால் ஓடும் வண்டியிலிருந்து குதித்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது. (அந்தச் சொல்லை நாம் தடை என்ற பொருளில் வசவாக்கிவிட்டோம். எத்தனை உயிரைக் காத்த கட்டை அது.) லாரி செட்டுக்குள் காலி வண்டியை முன்னும் பின்னும் எடுத்துவைப்பதுதான் ஸ்டியரிங்கில் முதல் வகுப்பு.

கியர் கற்றது அதற்கு முன்பே. வருஷக் கணக்கில் அந்த சீட்டில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தையும் அதற்குப் பதிலாக டிரைவரின் கை போகும் திசையையும் பார்த்துப் பார்த்து, இந்த மேட்டில் இந்த இடத்தில் ஒன்று இறங்கும் என்று பையனுக்கு உடம்பே சொல்லிவிடும். வித்தையோடு மற்றதும் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் மலையில் நியூட்ரல் அடிக்கிறாரா, அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்ததும் நிறுத்துகிறாரா, லோடில் கை வைக்கிறாரா, குடித்தால் சாவியை எடுக்காமல் படுக்கிறாரா எல்லாம். எதிர்ப்பக்கமும் உண்டு. சின்னவன் பார்க்கிறான் என்பதாலேயே பெரியவர் ஒழுங்காக ஓட்டிய நாட்கள் இருந்திருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் கொண்டாடவில்லை. சிறுவர்கள் அங்கே இருந்தார்கள். அடி இருந்தது, பட்டினி இருந்தது, சொல்லக் கூசும் மற்றவையும் இருந்தன. டிரைவர் மகன் டிரைவராகாமல் பாலிடெக்னிக் போவது நல்ல செய்தி. கஷ்டத்தையே தகுதியாகப் பேசும் பழக்கமும் எனக்கு ஒப்புதலில்லை. கிளட்சை மிதிக்கத் தேக்குக்கால் வேண்டும், இது ஆம்பளை வேலை என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இலேயே அரசுப் பேருந்து டிரைவராகி, அந்தப் பேச்சு வெறும் பேச்சு என்று காட்டிவிட்டார்.

ஆனால் அந்த சீட் காலியானது இந்தக் காரணங்களால் மட்டும் அல்ல. வாடகை ஏறாமல் டீசலும் டோலும் ஏறியபோது, ஓனர் முதலில் வெட்டியது கிளீனர் படியை. தேசிய பெர்மிட் வண்டிக்கு 2 டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடியது, ஆள் குறைந்தது. மறு ஆண்டு டிரைவருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. படிக்காதவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற நோக்கம் சரிதான். அவர்கள் எங்கே கற்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை. ஆக, தானியங்கிக் கியர் நம் ஊருக்கு வந்துசேருமுன்பே கியர்க் கல்வி நின்றுவிட்டது.

அந்தப் புதிய பெட்டியைப் பற்றியும் பயமில்லாமல் பேசலாம். ஏஎம்டி என்கிறார்கள். உள்ளே இருப்பது அதே பல்சக்கரம், அதே கிளட்ச். மிதிப்பதும் தள்ளுவதும் மட்டும் கம்ப்யூட்டர் சொல்லக் காற்றழுத்தம் செய்கிறது. வால்வோ 2001-இல் ஐ-ஷிஃப்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. இங்கே டாடா, பாரத்பென்ஸ் வண்டிகள் சிலவற்றிலும் இருக்கிறது. என்றாலும் இந்தியச் சாலையில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவைதான். புதிய பெட்டி சுமாரான டிரைவரைத் தேவலையாக்கும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் அது செய்யும் உபகாரத்தைக் கியர் மகத்துவம் பேசி யாரும் மறுக்கக் கூடாது. வெறும் பெட்டிக்கு முன்னால் வரும் வளைவு தெரியாது, ஏறிக்கொண்டிருக்கும் மேடு மட்டும் தெரியும். புளியரை இறக்கத்தில் கீழ் கியரைப் பிடித்துவை என்று அதற்குச் சொல்லவும், எக்ஸாஸ்ட் பிரேக்கை எங்கே போடுவது என்று முடிவெடுக்கவும் தெரிந்தவன்தான் அதிலும் டிரைவர். அந்த அறிவு பெடலில் இல்லை. வண்டி கெட்டால் நம் சங்கரன்கோவில் மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது என்பது மட்டும் நியாயமான கவலை.

டெலிமேட்டிக்ஸ் என்று இன்னொன்று சேர்ந்து வருகிறது. எத்தனை தடவை சடக்கென்று பிரேக் போட்டான், எவ்வளவு நேரம் எஞ்சினை ஓடவிட்டு நின்றான் என்று முதலாளி போனுக்கு வந்துவிடும். யாரும் பார்க்காத இடம் என்று ஒன்று இனி இல்லை. நல்ல கைக்கு இது சாட்சியாகலாம். ஆனால் மைலேஜ் குறைந்த மாதம் பிடித்தம் என்றும், கூடிய மாதம் பேச்சில்லை என்றும் போனால் பழைய டீசல் கணக்கேதான், புதுத் திரையில்.

2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபினைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்லது. அந்தக் குளிர்ந்த கேபினின் இடப்பக்க சீட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரு தண்ணீர்க் கேனும் மடித்த போர்வையும். ராஜபாளையத்திலும் சங்கரன்கோவிலிலும் லாரி வைத்திருக்கும் அண்ணாச்சிகள் டிரைவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணாச்சி, பதினெட்டு முடிந்த ஒரு பையனை ஒழுங்கான சம்பளத்துக்கு ஒரு வருஷம் அந்த சீட்டில் ஏற்றிவிடுங்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் டிரைவருக்கும் அதற்கென்று தனியாக ஒரு படி கொடுங்கள். மிச்சப்படும் டீசலில் பாதி டிரைவருக்கு என்று எழுதிக் கொடுங்கள், மலைப்பாதை டிரிப்பை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு கிளட்ச் செட் மாற்றும் செலவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லுங்கள்.